ஆறாவது கிளாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ஒயின் குடித்தேன். ஆமாம், நான்தான்! திட்டுகிறவர்கள் வழக்கம்போல் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுங்கள்.

லிஸ்பனில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழன் ரகு, பூதலூர் பக்கத்திலுள்ள தன் வீட்டுக்கு எங்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தான். இருபது வருஷம் பீப்பாயில் கிடந்த, போர்ச்சுகல்லின் போர்ட் ஒயின். திராட்சைச் சாறு பாதி புளிக்கும்போதே பிராந்தியை ஊற்றி நிறுத்திவிடுவார்களாம். அதனால் இனிப்பு தங்கிவிடும். வருஷம் ஏற ஏற, சிவப்பு மங்கிப் பழம்புளி நிறத்துக்கு வந்துவிடும்.

"வாசம்தான் பாதி ருசி. கண்ணாடி கிளாஸ்ல மெல்ல சுத்தி, மோந்து பாத்துட்டுதான் குடிக்கணும்" என்று பாடம் நடத்தினான் ரகு.

எல்லோருக்கும் கிளாஸ் வந்தது. எனக்கு — பேப்பர் கப்!

"ஒரு கிளாஸ் குறையுது மல்லிகா... தப்பா நெனச்சுக்காத."

அவன் பின்னாலிருந்த அலமாரியில் ஆறாவது கிளாஸ் பளபளவென்று நின்றது. சமையலறை வாசலில் அவன் அம்மா.

புரிந்துவிட்டது. அந்த வீட்டு நிலத்தில்தான் என் அப்பா பண்ணையாள். அந்த ஊர் டீக்கடையில் அவருக்குக் கொட்டாங்கச்சியில்தான் டீ. கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்ததற்காக அடி வாங்கியவர். ஆட்சி மாறியது, நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. நிலம் மட்டும் மாமன் பேரிலும் மச்சான் பேரிலும் பத்திரமாக இருந்தது. கொட்டாங்கச்சி இப்போது பேப்பர் கப் ஆகியிருக்கிறது... அடடா, என்ன முன்னேற்றம்!

கோபத்தில் எழுந்து போயிருக்கலாம். ஏன் போக வேண்டும்?

"ரகு, வாசம்தான் பாதின்னு நீதானே சொன்ன? எனக்கு மட்டும் பாதி ருசி போதுமா? அந்த அலமாரில இருக்கறத எடு. நான் வெயிட் பண்றேன்."

ரகு அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தார். கிளாஸ் வந்தது.

சுற்றினேன். முகர்ந்தேன். காய்ந்த நார்த்தங்காய்... முற்றிய வெல்லப்பாகு... விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. அவசரமே படாமல், கடைசிச் சொட்டு வரை ரசித்துக் குடித்தேன்.

கிளம்பும் முன் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். மற்ற ஐந்து கிளாஸும் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். என்னுடையது மட்டும் கதவோரத்தில், தரையில், தனியாக.

"இனிமே இத யாரும் தொடமாட்டீங்க போல... நான் எடுத்துட்டுப் போறேம்மா" என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டே கைப்பையில் வைத்துக்கொண்டேன். தினமும் அதில்தான் மோர் குடிக்கிறேன்.

ரகு, இனிமேல் நீ தைரியமாகச் சொல்லலாம் — உன் வீட்டில் ஒரு கிளாஸ் குறைகிறது!