ஞானப்பூ அடிக்காமல் வைத்த கடைசி வரி

நான் முதன்முதலில் பார்த்தபோது ஞானப்பூ பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடிய வருஷங்கள். 1944 ஐப்பசியில் ஒரு நாள் காலை, திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் புறப்பட்ட பஸ் பாதி வழியில் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் கண்டக்டர். முந்தின நாள் மழையில் ரோட்டோரத்துக் கரிசல் மண் செருப்பைக் கவ்வியது. என் பக்கத்தில் ஒரு பெண், வெள்ளைச் சேலையின் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குத் தோள் கொடுத்து நின்றார்.

"நீ எதுக்கும்மா எறங்குனே? பொம்பளைக உள்ள இருங்க" என்றார் கண்டக்டர்.

"உள்ள உக்காந்திருந்தா பஸ்ஸு போயிருமாண்ணே? நான் இன்னைக்கு வேலையில சேரணும். தள்ளுங்க."

எனக்கும் அன்றைக்குத்தான் வேலையில் சேர வேண்டும். எங்கள் கிராமத்தில் பி.ஏ. தேறிய முதல் ஆள் நான். அந்தச் செய்தி வந்த அன்று என் அப்பா கம்பங்காட்டில் களை எடுப்பதைப் போட்டுவிட்டு வந்து, ஊர் முழுக்க ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். அந்தப் பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை. அதற்காகவே தைத்த சட்டையில் கரி படாமல் ஒரு கையால் தள்ளினேன். ஞானப்பூ இரண்டு கையாலும் தள்ளினார். அருப்புக்கோட்டையில் இறங்கி இருவரும் ஒரே தெருவில் நடந்தோம், ஒரே வாசலில் நின்றோம். வக்கீல் வரதராஜுலு ஆபீஸ்.

அந்த ஆபீஸில் மூன்று வக்கீல்கள், இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு சேவகர். கோர்ட் வெளியூரில். வழக்கு நாளில் வக்கீல்கள் காகிதக் கட்டுகளோடு பஸ் ஏறிப் போவார்கள். இங்கிலீஷ் காகிதங்களைத் தயாரிக்க ஆள் தேவை என்று என்னை எடுத்திருந்தார்கள். டைப் அடித்துக்கொண்டிருந்தவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். வேறு ஆண் கிடைக்காததால்தான் ஞானப்பூவுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மதுரையில் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே டைப் பழகியவர்.

தலைமைக் குமாஸ்தா சென்னய்யா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். நெசவுக் குடும்பத்துக்காரர். வீட்டில் கன்னடம் பேசுவார், ஆபீஸில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"பி.ஏ. ஒண்ணு, பொம்பளை ஒண்ணு. ரெண்டும் ஒரே பஸ்ஸுல வந்து எறங்கியிருக்கு. இனி இந்த ஆபீஸ் உருப்பட்ட மாதிரித்தான்."

வரதராஜுலு அதிகம் பேசுகிறவர் அல்ல. "பொங்கல் வரைக்கும் பாப்போம்மா. அப்புறம் சொல்றேன்" என்றார். பொங்கலுக்கு சென்னய்யாவின் தங்கை மகன் டைப்பில் தேறிவிட்டு மதுரையிலிருந்து வரப்போகிறான் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதல் நாள் மத்தியானத்துக்குள் ஞானப்பூவுக்கும் தெரிந்துவிட்டது.

"அப்ப எதுக்கு வந்தீங்க? உங்க சர்ச்சு பள்ளிக்கூடத்துலயே டீச்சர் வேலை குடுப்பாகளே?" என்று கேட்டேன்.

"குடுக்கிறேன்னாக. வேண்டாம்னுட்டேன். எனக்கு இந்த வேலைதான் வேணும். பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கு, பாப்போம்" என்றார். குரலில் கெஞ்சலும் இல்லை, வீறாப்பும் இல்லை.

யார் எங்கே இருப்பது என்பதுதான் அந்த ஆபீஸில் முதல் சட்டம். வக்கீல்களுக்கு நாற்காலி. குமாஸ்தாக்களுக்குப் பாயும் சாய்வு மேஜையும். கட்சிக்காரர்களுக்கு பெஞ்சு. கட்சிக்காரர் என்றால் ஆண். வழக்கு பெண்ணுடையதாக இருந்தாலும் பெஞ்சில் உட்காருவது அண்ணனோ மகனோ மருமகனோதான். அந்தப் பெண் வாசலுக்கு வெளியே, பக்கச் சுவரை ஒட்டிய வேப்பமரத்தடியில் நிற்பாள். இங்கிலீஷில் இருக்கும் மனுவின் சாரத்தை சென்னய்யா பெஞ்சில் இருக்கும் ஆணுக்குத் தமிழில் மடமடவென்று சொல்லுவார். அவன் தலையாட்டுவான். பிறகு சென்னய்யா மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், அந்தப் பெண்ணின் பெருவிரலைப் பிடித்து ரேகை உருட்டிக்கொண்டு உள்ளே வருவார். காலங்காலமாக நடந்த முறை. அதில் யாரும் குற்றம் கண்டதில்லை. நானும்தான்.

ஞானப்பூவை எங்கே உட்கார வைப்பது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. முன்கூடத்தில் ஆண்கள் மத்தியில் வைக்க முடியாது. கடைசியில், பழைய கட்டுகள் போட்டு வைத்திருந்த பக்க அறையை ஒழித்து, டைப் மிஷினை அங்கே தூக்கிப் போட்டார்கள். வெயில் நேரத்தில் அடுப்படி மாதிரி இருக்கும் அறை. யார் கண்ணிலும் படமாட்டார் என்று சென்னய்யாவுக்குத் திருப்தி. அந்த அறைக்கு ஒரு சன்னல் உண்டு, அது வேப்பமரத்தடியைப் பார்த்துத் திறக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

சன்னல் திறந்த முதல் வாரமே மரத்தடிப் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஏ தாயி, உள்ள என்ன சத்தம்? தறியா?"

"தறி இல்லக்கா. எழுத்து அடிக்கிற மிசினு."

"நீயா அடிக்கிறே? உன்னைய உக்கார விட்டுட்டாகளா?"

"பொங்கல் வரைக்கும் விட்டிருக்காக."

டைப்பிஸ்ட் கட்சிக்காரரோடு பேசக் கூடாது என்று சென்னய்யா வந்து சொன்னார். சரி என்றார் ஞானப்பூ. சன்னலைச் சாத்தச் சொன்னார் சென்னய்யா. "வேர்வை சொட்டிக் காயிதம் நனையுது ஐயா. காயிதம் கெடைக்கிறதே பெரும்பாடா இருக்கு" என்றார் ஞானப்பூ. யுத்த காலத்துக் காகிதப் பஞ்சத்தின் புண்ணியத்தில் சன்னல் திறந்தே இருந்தது.

ஞானப்பூவின் வேலையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ரேகை வைக்கிறவர்களின் மனுக்களில் கடைசியாக ஒரு வரி வரும்: 'இதில் கண்டவை இவருக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டு, இவர் நன்கு புரிந்துகொண்டபின் ரேகை வைத்தார்.' ஒவ்வொரு தடவையும் அந்த வரியை அடித்துவிட்டு, அந்தப் பெண் சன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் நிற்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

மார்கழியில் ஒச்சம்மாள் வழக்கு வந்தது. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து விதவை. புருஷனுடைய பங்கு நிலத்துக்காகக் கொழுந்தனோடு வழக்கு நடந்து, ஊர்ப் பெரியவர்கள் பேசி ராஜியாக்கியிருந்தார்கள். கிழக்குக் காடு ஒச்சம்மாளுக்கு, கிணறு இருக்கும் மேற்குக் காடு கொழுந்தனுக்கு, கிணற்றுத் தண்ணீர் ஆளுக்குப் பாதி. அதை மனுவாக எழுதி மறுநாள் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். பெஞ்சில் ஒச்சம்மாளின் அண்ணன் ஐயாத்துரை உட்கார்ந்திருந்தார். தங்கச்சிக்காக அலைந்து அலுத்துப்போன மனிதர். சென்னய்யா சொன்னார், அவர் தலையாட்டினார். அன்று மாலையே வரதராஜுலு வெளியூருக்குப் புறப்பட பஸ் காத்திருந்தது.

சேவகர் ஞானப்பூவிடமிருந்து மனுவை வாங்கி வந்து கொடுத்தார். சென்னய்யா மைப்பெட்டியைத் திறந்தவர், கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா! கடைசி வரி எங்க?"

பக்க அறையிலிருந்து பதில் வந்தது. "அடிக்கலய்யா."

"மறந்துட்டியா?"

"இல்ல. ஒச்சம்மா அக்காவுக்கு யாரும் வாசிச்சுச் சொல்லல. சொல்லி முடிங்க, அடுத்த நிமிசம் அடிச்சுத் தாரேன்."

வரதராஜுலு கோட்டை மாட்டிக்கொண்டே வந்து அறை வாசலில் நின்றார். நானும் பின்னால் போய் நின்றேன்.

"என்னம்மா இது? சொன்னதை அடிக்கத்தானே உன்னை வச்சிருக்கு?"

ஞானப்பூ எழுந்து நின்றார்.

"சொன்னதெல்லாம் அடிக்கிறேன் சார். இந்த வரி மட்டும் நடந்ததைச் சொல்ற வரி. நடக்கல. எங்கம்மாவும் ஒரு வக்கீலாபீஸ் வாசல்ல ரேகை வச்சுட்டு வந்தாக. என்னத்துக்கும்மா வச்சேன்னு கேட்டா, வைக்கச் சொன்னாக வச்சேன்னாக. இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது."

"பொங்கலுக்கு அப்புறம் இந்த இடத்துல யாருங்கிறதை நான் இன்னும் முடிவு பண்ணல" என்றார் வரதராஜுலு, நிதானமாக.

"தெரியும் சார்."

"நீங்க விடுங்க சார். அந்த ஒத்தை வரிய நான் பேனாவால எழுதிர்றேன்" என்று சொல்லி, எழுதியும்விட்டு, சென்னய்யா மைப்பெட்டியோடு மரத்தடிக்குப் போனார். ஆனால் இத்தனை பேச்சும் சன்னல் வழியே வெளியே போயிருந்தது. ஒச்சம்மாள் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"கேட்டுட்டுத்தான் வைப்பேன்."

"ஏ ஒச்சு! நான் கேட்டாச்சு. உனக்கு என்ன தெரியும்னு கேக்கப்போறே?" என்று ஐயாத்துரை ஓடி வந்தார்.

"காடு என் காடுண்ணே. நான் கேக்கேன்."

பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். வரதராஜுலு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் சொல்லித் தொலைங்க" என்றார்.

ஞானப்பூ மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, சன்னல் கம்பிக்கு உள்ளே நின்று, இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்து ஒச்சம்மாளின் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். சென்னய்யாவின் வேகம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, "வெளங்குதாக்கா?" என்று கேட்டார். தண்ணீரில் பாதி என்ற இடம் வந்ததும் ஒச்சம்மாள் கையைத் தூக்கினாள்.

"பாதித் தண்ணி சரி. தண்ணி எறைக்கிற கமலை மாட்டை நான் எது வழியாக் கொண்டுபோறது? கெணறு அவுக காட்டுல்ல இருக்கு?"

"அதான் எப்பவும் போற வண்டிப்பாதை இருக்குல்ல? யாரு மறிக்கப்போறா?" என்றார் ஐயாத்துரை.

"இன்னைக்கு அவுக மறிக்க மாட்டாக. நாளைக்கு அவுக மகன் வேலியப் போட்டான்னா? அண்ணே, நீ எங்கூருக் கெணத்துல எந்தக் காலத்துல தண்ணி எறச்சே? பாதை எழுதியிருக்கா தாயி?"

ஞானப்பூ மனுவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இல்லக்கா" என்றார்.

அன்றைக்கு பஸ் போய்விட்டது. வரதராஜுலு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுநாள் விடிகாலை பஸ்ஸில் போய் வாய்தா கேட்க வேண்டி வந்தது. பாதையை மனுவில் சேர்ப்பதற்கு ஒச்சம்மாளின் கொழுந்தனாரும் மறுப்புச் சொல்லவில்லை. "நடக்கிற பாதைதானே, எழுதிக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கேட்க வேண்டியவளை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் ஆபீஸில் ஞானப்பூவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இந்தப் பொங்கல் வீட்லதாம்மா உனக்கு" என்று சென்னய்யா கூடத்திலிருந்தே குரல் விட்டார். "நாங்க பொங்கல் வைக்கிறதில்லய்யா. கிறிஸ்மஸ் முடிஞ்சுபோச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதற்கு மட்டும் எல்லோரும் சிரித்தார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மனு கோர்ட்டில் எடுக்கப்பட்டது. கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். ஒச்சம்மாளுக்கு முன்னால் வேறொரு ஆபீஸின் ராஜி மனு. அதிலும் ஒரு விதவை. மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்சீப் கேட்டார். அந்த அம்மாள் மருமகனின் முகத்தைப் பார்த்தாள். முன்சீப் மனுவை ஏற்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மனுவைக் கொண்டுவந்த வக்கீலின் முகம் சுண்டிப்போனது.

அடுத்து ஒச்சம்மாள். "உனக்குத் தெரிஞ்சு வச்சியா, அண்ணன் சொன்னாருன்னு வச்சியா?"

"தெரிஞ்சுதான் வச்சேன் சாமி. கெழக்குக் காடு எனக்கு. பாதித் தண்ணி எனக்கு. புளியமரத்துக்குத் தெக்க ஓடுற வண்டிப்பாதையில என் மாடு போகலாம் வரலாம். எல்லாம் சன்னல்ல வச்சுச் சொன்னாக."

"எந்தச் சன்னல்?"

கோர்ட்டே சிரித்தது. முன்சீப்பும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் வரதராஜுலு பக்க அறைக்குள் போனார். அவர் அந்த அறைக்குள் கால் வைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சன்னலண்டை நின்று வெளியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சென்னய்யா, உங்க தங்கச்சி மகன் பொங்கலுக்கு வாரானாக்கும்?"

"ஆமா சார்."

"வந்தா ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. அப்புறம், ரேகை வைக்கிற மனுவுக்குக் கடைசி வரியை இனிமே இந்த அம்மாதான் அடிக்கும். அது அடிக்காம ஒண்ணும் எங்கிட்ட வரக் கூடாது."

ஞானப்பூ தலையசைத்துவிட்டு மிஷினில் புதுக் காகிதத்தைச் சொருகினார்.

சென்னய்யா ஒரு மாதத்துக்கு அவர் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒரு நாள் மைப்பெட்டியைக் கொண்டுபோய்ச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு நின்றார். உள்ளேயிருந்து ஞானப்பூ ஒரு கிழவிக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, சொல்லி முடிச்சாச்சா? மை காயுது."

"இன்னும் ரெண்டு பாரா இருக்கய்யா."

"சொல்லு, சொல்லு. நிக்கிறேன்."

அந்த ஆபீஸில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, சட்டம் படிக்க நான் சென்னைக்கு வந்துவிட்டேன். இப்போது 1949. ஞானப்பூ அதே ஆபீஸில், அதே பக்க அறையில் வேலை பார்க்கிறார். பெண் கட்சிக்காரர்களின் காகிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மரத்தடியில் நிற்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு போடச் சொல்லி வரதராஜுலுவிடம் கேட்டிருக்கிறார். பெஞ்சு இன்னும் வரவில்லை.