மொய்க்குப் போன ரூபாய்

கடைகளில் இப்போது ஒரு ரூபாயை ஒட்டியே மொய்க் கவர் விற்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, கொஞ்சம் முன்னாலேயே கண்டுபிடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா? அந்தக் கவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பெற்ற மகளிடமே அப்பா களவாடிய கதை அது. களவு என்றுதான் சொல்வேன், வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு மனசில்லை.

நாலணா செல்லாமல் போன சமயம். எங்கள் வீடு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில். பள்ளிக்கூடம் விட்டதும் வெள்ளிமலை பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு ஓடிவிடுவேன். மலையிலிருந்து இறங்குகிறவர்களின் சுருக்குப் பையில், கீழே எல்லோரும் மறந்துபோன பழைய காசெல்லாம் இருக்கும். கண்டக்டர் அவற்றை எனக்காகத் தனியே ஒதுக்கி வைப்பார். நான் வேறு சில்லறை கொடுத்து வாங்கிக்கொள்வேன். அப்படிக் கிடைத்ததுதான் கதிர் போட்ட அந்தப் பழைய பெரிய ரூபாய். உள்ளங்கையில் வைத்தால் கனக்கும்.

பத்திரப்படுத்துவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொரு காசையும் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். விளிம்பைப் பிடித்துத்தான் தூக்குவேன், காசின் முகத்தில் விரல் படவிட மாட்டேன். தம்பி ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று அழுதாலும் காட்ட மாட்டேன்.

"வெளிய எடுத்தா கெட்டுப்பூடும், போடா" என்று விரட்டுவேன்.

வெள்ளிமலையில் கடை வைத்திருந்த அத்தையின் மூத்த மகனுக்குக் கல்யாணம் வந்தது. அப்பா மட்டும் விடிகாலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். இரண்டு நாள் கழித்து டின்னைத் திறந்தால், கதிர் போட்ட ரூபாயின் துணிக்குள் பளபளவென்று ஒரு புது ரூபாய். அதில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் ஒரு கை. ஒன்றும் கிடையாது போ என்று எனக்கே விரலை ஆட்டிக் காட்டியதுபோல் இருந்தது. தெருவே கூடும்படி அழுதேன்.

அப்பாவுக்கு நான் எதற்கு அழுகிறேன் என்பதே விளங்கவில்லை. "நூறு ரூவாய மொட்டையா வெக்க முடியுமா? சைபர்ல முடியக் கூடாதுல்ல? அந்நேரத்துக்கு எந்தக் கடை தொறந்திருந்துச்சு? ரூவாவுக்கு ரூவா வெச்சிட்டனே, அதுவும் புதுசு. இன்னா கம்மியாப் போச்சு?"

திருடியதோடு நிற்காமல் நியாயமும் பேசினார். நான் அழுகையை நிறுத்தாததால் கடைசியில் சமாதானத்துக்கு இறங்கி வந்தார்.

"மொய் எங்க போவும்? நம்ம வூட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும் பாரு."

"நம்ம வூட்ல எப்ப விசேஷம்?" என்று கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

மறு வருஷமே விசேஷம் வந்தது. விசேஷமே நான்தான். மஞ்சள் நீராட்டு என்று பட்டுப் புடவையைச் சுற்றி, நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். பந்தலில் இருந்தவர்களெல்லாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. வெள்ளிமலை அத்தை எப்போது வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து கவரைக் கையில் வைத்ததும் அங்கேயே கிழித்தேன். நூறு ரூபாய் நோட்டு. கூடவே அதே கட்டை விரல்.

"இது என் ரூவா இல்ல!" என்று கத்தினேன். பந்தலே சிரித்தது. அத்தைக்கு விஷயத்தைச் சொன்னதும் அவளும் சிரித்தாள்.

"அந்தப் பெரிய ரூவாவா? அது கல்யாணத்துக்கு வந்த மொத மொய்யாச்சே கண்ணு. சாமி மாடத்துல பத்திரமா வெச்சிருக்கேன். அதைப் போய் வெளிய உடுவாங்களா?"

என் ரூபாயை என்னிடமிருந்தே பத்திரப்படுத்துகிறாளாம்! சடங்கு முடியும்வரை அவள் முகத்தையே நான் பார்க்கவில்லை.

எல்லாம் ஓய்ந்து பள்ளிக்கூடம் போன முதல் நாள், சாயங்காலம் வந்து பையைப் போட்டுவிட்டு வழக்கம்போல் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். அம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

"இன்னும் இன்னாடி பஸ் ஸ்டாண்டு? வெளிய சுத்திக்கினு இருந்தா பேரு கெட்டுப்பூடும். பத்திரமா வூட்டோட இரு."

காசு வாங்கிவரத் தம்பியை அனுப்பினாள். அவன் துள்ளிக்கொண்டு ஓடினான். ஒரு வாரம், பத்து நாள் போனால் அம்மா விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கைக்கு வராமல் போன ரூபாயை நினைத்து எரிந்துகொண்டே, அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து டின்னை எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.