நரிக்குச் சோறு

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. கோழி ஒன்று குறைந்தால் கூட்டைப் பார்க்க மாட்டேன், கூட இருக்கும் ஆளைத்தான் பார்ப்பேன்.

ஃபுஜைரா மலையடியில் ஒரு பேரீச்சந்தோட்டம், அதன் நடுவே விருந்தினர் விடுதி. நான் அங்கே சமையல்காரன். கூட இருந்தவன் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், தோட்ட வேலை பார்த்தான். கோடை முழுக்க அங்கே ஆளே வராது. அக்டோபர் பிறந்து வெக்கை கொஞ்சம் தணிந்ததும் வாலாட்டிக் குருவிகள் எங்கிருந்தோ வந்து புல்தரையில் இறங்கும். அடுத்து கொண்டலாத்தி. அவற்றின் பின்னாலேயே துபாய்க் கார்கள். முள்ளெலியைப் பார்த்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூச்சல் போடும்.

சீசனில் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் லீவு. அந்த வருஷம் அது அவனுக்கு என்று முடிவாகியிருந்தது. ஆடியில் அவன் அப்பா செத்துப்போனார். பாஸ்போர்ட்டை வைத்திருந்த கஃபீல், எங்கள் அரபி முதலாளி, அப்போது வெளிநாட்டில் இருந்ததால் காரியத்துக்குக்கூட அவனால் போக முடியவில்லை. அம்மா தனியாக இருக்கிறாள், நவம்பரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நியாயம்தான். ஆனால் நானும் ஊர்ப்பக்கம் போய் மூன்று வருஷம். உள்ளே புகைந்தது.

அந்த நேரம் பார்த்து விடுதியில் வளர்த்த கோழிகள் குறைந்தன. ஒருநாள் மத்தியானம் இவன் பேப்பர் தட்டை மூடி எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனான். வெறுங்கையோடு திரும்பினான்.

"யாருக்குடே சோறு?" என்றேன்.

"சும்மாண்ணே," என்று சிரித்தான். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தான். சும்மா யாராவது சோறு கொண்டுபோவார்களா?

மறுநாள் காலை நரி ஒன்று விருந்தினர் வராந்தாவுக்கே வந்துவிட்டது. தொட்டிலில் குழந்தையைப் போட்டிருந்த அம்மா போட்ட அலறலில் தோட்டமே கூடியது. சூப்பர்வைசர் லக்னோக்காரர். யாரோ சோறு போட்டுப் பழக்கியிருக்கிறார்கள், யார் என்று குதித்தார். நான் வாயைத் திறந்தேன். பார்த்ததைச் சொன்னேன், கோழியையும் சேர்த்துச் சொன்னேன்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மதில் மேல் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் காய்ந்த சோற்றுப் பருக்கை, எள். கீழே மண்ணில் நரியின் கால்தடம்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. முந்தைய நாள் புரட்டாசி அமாவாசை. நான் வேதக்காரன்தான், ஆனால் செத்தவர்களை நினைத்து வைக்கும் காக்காச் சோறு கன்னியாகுமரிக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த மலையடியில் காக்கையே கிடையாது. அதனால்தான் அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

அவனைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு இந்தி அரைகுறை. "பாய், கவ்வா... பாபா... கானா..." என்று வானத்தைக் காட்டினான்.

"கவ்வா கிதர் ஹை? யஹான் கவ்வா மாஃபி!" என்று சூப்பர்வைசர் கத்தினார். இல்லாத காக்கைக்குச் சோறு வைத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? அவன் என்னைப் பார்த்தான். எனக்கு இந்தி நன்றாக வரும். இரண்டு வாக்கியம் போதும். நான் நரியின் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கலாஸ். லீவு கேன்சல்."

அந்த லீவு எனக்கு வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோழிகள் அதன் பிறகும் குறைந்தன, அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கிளம்பும் அன்று என் பெட்டியை அவனே தூக்கி வண்டியில் வைத்தான். அம்மாவுக்கு ஒரு போர்வையும் தைலமும் கொடுத்தனுப்பினான்.

"லீவு கட்டானது அம்மாவுக்குத் தெரிய வேணாம்ணே. அந்த அண்ணனுக்கு அவசரம், நானேதான் விட்டுக்கொடுத்தேன்னு போன்ல சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க."

அவனுக்கு என் மேல் ஒரு சந்தேகமும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

திருச்சியில் இறங்கி நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்:

"ஏந்தம்பி, எம்மகன் அவங்கப்பனுக்குக்கூட வராம ஒங்களை அனுப்பிருக்கான். ஒங்க வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?"