கொட்டாரத்து வைக்கோல் கோட்டையும் என் மண்ணெண்ணெய் டின்னும்

சண்டை போடத்தான் கொட்டாரத்துக்குப் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1932 பங்குனியில் அங்கே விதைநெல் விற்கும் பகவதியம்மாளிடம் வைக்கோல் கோட்டையாகக் கட்டிய விதைநெல் வாங்கியிருந்தேன். புரட்டாசியில் நாற்றுப் பாவினால் பாதி முளைக்கவில்லை. முளைத்ததிலும் அங்கங்கே காகிதம் போல வெள்ளை நாற்று. பச்சை பிடிக்காமலே செத்தது. பிசானப் பருவத்துப் பயிர் போனால் என் குடும்பம் என்ன செய்யும்? மிச்ச விதையை டின்னோடு தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திருநெல்வேலியில் காலை ஆறு மணிக்குப் பஸ். வடசேரிக்கு ஐம்பது மைல், ஒரு ரூபாய். சமஸ்தான எல்லையில், ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் டின்னைத் திறக்கச் சொன்னார்கள். புழுங்கிய வாடை குப்பென்று அடித்தது.

“என்ன வே, இதையா விதைக்கப் போறீரு?” என்று சேவகர் மூக்கைப் பொத்தினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வடசேரியிலிருந்து கொட்டாரம் ஒன்பது மைல். மாட்டுவண்டிக்கு எட்டணா, மூன்று மணி நேரம். வழி நெடுக வயல். கோபத்தில் இருந்தவனுக்கே கண் குளிர்ந்தது.

பகவதியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். நான் கத்தி முடித்ததும் டின்னைத் திறந்து முகர்ந்தார்.

“நான் கோட்டையாத்தான தந்தேன், அண்ணாச்சி. டின்னு எங்கேருந்து வந்து?”

“எலிக்குப் பயந்து மாத்தினேன். மெழுகு வச்சு அடைச்சு, அடுப்புக்கு மேல பரண்ல வச்சேன்.”

“அய்யோ! விதைக்கும் மூச்சு உண்டும்லா? சூட்டுல புழுக்கிக் கொன்னுட்டீங்களே!”

எனக்குத் தந்த அதே களத்து நெல்லில் அவரிடம் ஒரு கோட்டை மிச்சமிருந்தது. அடேயப்பா, அது கைவேலை! நன்றாகக் காய்ந்த நெல்லை வைக்கோலால் பொதிந்து, புரி சுற்றி இறுக்கி, சாணம் மெழுகிப் பூசணிக்காய் மாதிரி உருட்டி வைத்திருந்தார். இரண்டிலும் நூறு நூறு மணி எடுத்து ஈரத்துணியில் முடிந்தார். சத்திரத்தில் மூன்று நாள் தங்கினேன். மூன்றாம் நாள் காலை அவருடையதில் நான்கு மட்டும் முளைக்கவில்லை. என்னுடையதில் முளைத்ததே நாற்பதுதான்.

வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் விடவில்லை. “ஊர்ல பச்சையா நிக்கிற நாத்த வளர்த்து, அதுல விதை எடுத்துக்கிடுதேன்” என்றேன்.

“எடுக்காதீங்க! பச்சையா நிக்கதுக்குள்ளயும் கோளாறு ஒளிஞ்சு கிடக்கும். நானும் ஒருக்கா அப்படி எடுத்தேன். அடுத்த பூ வெள்ளாமையில மறுபடியும் வெள்ள நாத்து வந்து. ஒரு வருசம் கெடுத்தா, வழிவழியா கெடும்.” தன் தவறை இப்படிப் போட்டு உடைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? சண்டைக்கு வந்தவன் கையிலேயே அந்தக் கடைசிக் கோட்டையையும் கொடுத்தார்.

விதை வாங்கப் போகிறவர்கள் பங்குனியில் போங்கள், அறுப்பு முடிந்திருக்கும். கோட்டையைப் பிரிக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு அண்டாமல் தரைக்கு மேலே தூக்கி வையுங்கள். பஸ்ஸில் கோட்டைக்குத் தனியாக நாலணா கேட்பார்கள்; கொடுத்துவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் ஏரைப் பூட்டினேன். என் நாற்றங்காலில் பச்சைப்பசேலென்று நின்றதையும் சேர்த்து உழுதேன். பஸ்ஸுக்கும் வண்டிக்கும் கொடுத்தது வலிக்கவில்லை. அந்த உழவுதான் வலித்தது.