அம்மாவுக்கு மூக்காக இருந்த காலம்

கெளுத்தி மீன் வேகும் பானையிலிருந்து முதலில் எழுவது சேற்று வாடை. பிறகு மஞ்சளும் இஞ்சியும் வரும். எங்கள் வீட்டில் "சபலின்" என்று பர்மியப் பெயராலேயே அழைத்த எலுமிச்சைப்புல்லின் மணம் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு கடைசியில் மேலே வரும். இந்த வரிசையை இன்றைக்கும் என்னால் ஒப்பிக்க முடியும். ஆனால் பானைக்குள் தலையையே விட்டாலும் ஒன்றும் தெரியாது. ஊரே முகமூடி போட்டுக்கொண்டு திரிந்த ஆண்டுகளில் வந்த காய்ச்சல் போனது, கூடவே வாசனையும் போனது, திரும்பவில்லை. அதற்காக நான் அழவில்லை, அழத் தோன்றவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு இது புதிதும் அல்ல.

யாங்கோனில், ஆற்றோரத்துக் க்யிம்யிண்டைங்கில், எங்கள் வீட்டு வாசலில் அம்மா காலை வேளைகளில் "மொகிங்கா" விற்றாள். அரிசி நூடுல்ஸ் மேல் கெட்டியான மீன் குழம்பை ஊற்றித் தின்னும் இந்த ஊர்க்காரர்களின் பலகாரத்தை ஒரு தமிழச்சியின் கையால் வாங்கித் தின்ன பர்மியர்களே வந்து உட்கார்ந்தார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நான் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில், மீன் வாங்கப் போனவள் படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டாள். காயம் ஆறியது, வாசனை தெரியாமல் போயிற்று. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அந்த அடியில் அறுந்திருக்கும், திரும்பி வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை என்றார் டாக்டர்.

"மூக்கு இருக்கு டாக்டர், வேலைக்குத்தான் வர மாட்டேங்குது" என்று அம்மா அவரிடமே சிரித்தாள். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "இது நம்ம மூணு பேரைத் தாண்டிப் போகக் கூடாது" என்று அப்பாவிடமும் என்னிடமும் சொன்னாள். வாசனை தெரியாதவள் வைத்த மீன் குழம்பை யார் நம்பி வாயில் வைப்பார்கள்? சரக்குப் படகில் போகும் அப்பாவுக்கு மழைக்காலத்தில் வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பானை இருந்ததால்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அன்றிலிருந்து மூக்கு வேலை எனக்கு. விடியும் முன்னே, "பாப்பா, எழுந்து வந்து மோந்துட்டுப் போய்ப் படுத்துக்கோ" என்று எழுப்புவாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனால் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பானையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பாள். "கவிச்சி இருக்கா? அடி பிடிச்சிருக்கா?" நான் தலையாட்டினால் பானை வாசலுக்குப் போகும், மூக்கைச் சுளித்தால் இன்னும் கொஞ்சம் இஞ்சி, இன்னும் ஒரு கொதி. அவள் சாப்பிடும்போது, "உனக்கு ருசி தெரியுதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "சூடு தெரியுது, உப்பு தெரியுது, உறைப்பு தெரியுது, போதாதா?" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்குச் சளி பிடித்தது. அப்பா படகில் போயிருந்தார். அம்மா வழக்கம்போல் மூடியைத் தூக்கிப் பிடித்தாள். "தெரியலம்மா, மூக்கு அடைச்சிருக்கு" என்றேன். வெந்நீர் வைத்து ஆவி பிடிக்கச் சொன்னாள், முதுகைத் தேய்த்துவிட்டாள், மறுபடியும் மூடியைத் தூக்கினாள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. முந்தின நாள் வாங்கிய மீன் சற்றுத் தொய்ந்திருந்ததாக அவளுக்குச் சந்தேகம் வேறு. அக்கம்பக்கத்தில் யாரையாவது மோந்து பார்க்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாசலில் ஆட்கள் முக்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அம்மா துணியைப் பிடித்துப் பானையைத் தூக்கிக்கொண்டு போய், பின்வாசல் சாக்கடையில் முழுவதையும் கொட்டினாள்.

அவித்த பட்டாணி விற்கும் பக்கத்து வீட்டு டோ ம்யா அப்போது அங்கே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். அம்மாவை எப்போதும் "ஞீமா", தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "என்ன ஞீமா, தெருவே மணக்குது, இதைப் போய் ஏன் கொட்டுற?" என்று பர்மியத்தில் கேட்டார்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு, "பல்லி விழுந்துடுச்சு அக்கா" என்று பர்மியத்திலேயே சொல்லிவிட்டு, பானையைக் கவிழ்த்து அடியில் இருந்ததையும் கொட்டினாள்.

அப்பா திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் சத்தம் போட்டார். "நல்லாத்தானே இருந்திருக்கு!"

"நல்லா இருக்குன்னு கொட்டுறதுக்கு முன்னாடி யாரும் சொல்லலையே" என்றாள் அம்மா. கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் சளி போகும் வரை கடை திறக்கவில்லை. அதன் பிறகு நான் பள்ளிப்படிப்பை முடிக்கும் வரையிலும் அந்த மூடி தினமும் தூக்கப்பட்டது.

அம்மா இப்போது இல்லை, டோ ம்யாவும் இல்லை. முக்காலிகள் கிடந்த இடத்தில் கரண்டு போகும் நேரத்துக்காக ஒரு ஜெனரேட்டர் நிற்கிறது. அதன் புகை வீட்டுக்குள் வந்திருப்பதே தொண்டையைக் கரிக்கும்போதுதான் எனக்குத் தெரிகிறது. என் மகள் லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போகிறாள். நான் தமிழில் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் பர்மியத்தில் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள் என்று மொகிங்கா வைத்தேன். கொதித்ததும் அவளைக் கூப்பிட்டு, மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மோந்து சொல்லும்மா, சரியா இருக்கா?" என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அடுப்படி வாசலிலேயே நின்று, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "கௌன் டே, அமே" என்றாள். நன்றாக இருக்கிறதாம். அவள் குனியவே இல்லை.

அம்மாவாக இருந்தால் கொட்டியிருப்பாள். நான் இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். சாப்பிட்டோம். சூடு தெரிந்தது, உப்பு தெரிந்தது, உறைப்பு தெரிந்தது.