ஒரு சொல் அகலம்

ஊசி நீலத் துணிக்குள் இறங்கியது. அடியில் காத்திருந்த இடது கையின் நடுவிரல் அதைத் தொட்டுப் பார்த்து, முனையை மேலே திருப்பி அனுப்பியது. மஞ்சள் துணியில் வெட்டிய பிறையின் ஓரம் மயிரிழை அளவு மடிந்து உள்ளே போயிற்று. பெருவிரல் நகம் அந்த மடிப்பை ஒருமுறை நீவிவிட்டது. மறுபடி ஊசி இறங்கியது. தையல் வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் பிரித்துவிட வேண்டும் என்பது அந்தக் கைகளின் சட்டம்.

கைகள் என்னுடையவை. எங்கள் ஊரான காஜா பெராங்கில் அவற்றுக்கு நல்ல பெயர் உண்டு. அவற்றின் சொந்தக்காரனான அப்பாசாமியைப் பற்றி அதே அளவுக்குச் சொல்ல முடியாது.

கடைப் பலகையில் ‘லண்டன் தையல் நிலையம்’ என்று இருக்கும். லண்டனை நோக்கி நான் போன மிகத் தொலைவு பக்கத்து டவுனான தம்பின். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் பலகையைக் கழற்ற மறந்து போய்விட்டார். ஏணி இல்லாததால் நானும் விட்டுவிட்டேன். தொழிலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நாளில், துரை வீட்டிலிருந்து வீசியெறிந்த ஒரு பழைய கால்சட்டையைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துத்தான் படித்தேன். திரும்பச் சேர்த்தபோது அதன் ஒரு கால் மற்றதைவிட முன்னால் நடந்தது. மறுபடி பிரித்தேன். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை. நான் தைத்த நேரத்தைவிடப் பிரித்த நேரம்தான் அதிகம் என்று என் மனைவி பாக்கியம் சொல்வாள். அவள் கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அது ஐம்பத்தேழாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். மாதக் கடைசியில் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம். அதற்குள் பள்ளிக்கூடத்துக்குக் கொடிகள் வேண்டும் என்று கருணாகரன் வாத்தியார் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் வகுப்பில்தான் என் மகள் சீதா இருந்தாள். இரண்டாம் வகுப்பில் அது அவளுக்கு இரண்டாவது வருஷம்.

வாயால் கேட்டால் சீதாவுக்குத் தெரியாதது இல்லை. எதிர்க்கடைச் சீனரிடம் மலாயில் பேரம் பேசுவாள். கோயிலில் கதை கேட்டுவிட்டு வந்தால், கதை சொன்னவர் மறந்ததையும் சேர்த்துச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாயடைத்துவிடும். எழுதினாலோ, எழுத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். பின்னால் வரவேண்டிய கால் முன்னால் ஓடிவரும். மேல் வரியில் ஒரு மாதிரி இருக்கும் சொல் கீழ் வரியில் வேறு ஆளாகிவிடும்.

“பார்த்து எழுதும்மா.”

“பார்த்துத்தான்பா எழுதுனேன்.”

“பார்த்து எழுதுனா இப்படி வருமா?”

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் தினமும் நடந்தது. இதைவிட நல்ல யோசனை எதுவும் என்னிடம் இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டில் எல்லோரும் வல்லாரைத் துவையல் தின்றோம். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் முன்னால் அவளைத் தோப்புக்கரணம் போடச் சொல்லி, துணைக்கு நானும் போட்டேன். அவளுக்கு எழுத்து வரவில்லை. எனக்கு முழங்கால் வலி வந்தது. கண்ணில் கோளாறோ என்று டவுனில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, பிள்ளை கண் சுத்தம் என்றார். பிறகு சும்மா இருக்கட்டும் என்று என் கண்ணையும் பார்த்தார். நான் கண்ணாடியோடு வீடு திரும்பினேன்.

கடைசியில், சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினேன். வேறு காரணம் தெரியாதவனுக்கு அது வசதியான காரணம்.

கொடிக்குத் துணி கொண்டுவந்த அன்று வாத்தியார் கடைக்குள் உட்காராமலே பேசினார்.

“பெரிய வாத்தியார் சொல்லிட்டாரு, அப்பாசாமி. வருஷக் கடைசியில சீதா அவர் முன்னால ஒரு பக்கம் படிக்கணும். இல்லாட்டி வீட்டோட வெச்சுக்கச் சொல்றாரு. அப்பாதான் தையல்காரராச்சே, தையல் கத்துக்கட்டுமேங்கிறாரு.”

வெட்டு மேசைக்கு அடியில் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்த சீதா தலையை வெளியே நீட்டினாள். “நான் தைக்க மாட்டேன். நான் பள்ளிக்கூடம் போவேன்.”

அந்தப் புத்தகம் அவளைப் படுத்திய பாட்டுக்கு, அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு இருந்திருக்காது. மூன்றாம் வகுப்போடு ‘போதும்’ என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடியவன் நான்.

கொடிகளுக்கு வருகிறேன். கொடிக்கு இரண்டு முகம். இரண்டிலும் பிறையும் நட்சத்திரமும் வேண்டும். நட்சத்திரத்துக்கு முனைகள் அதிகம் என்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எல்லாக் கொடிகளிலும் பிறைகளை முதலில் தைத்தேன். பத்திரிகையில் வந்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்பக்கம் தைத்தேன். துணியைத் திருப்பினேன். மறுபடி படத்தைப் பார்த்தேன். படத்தில் இருந்தபடியே பின்பக்கமும் தைத்தேன். ஒரு தையல்கூட வெளியே தெரியவில்லை. எனக்கே என் மீது கொஞ்சம் மரியாதை வந்தது.

அந்த நேரம் பார்த்து, கணவரின் கால்சட்டையை வாங்கிப்போக சாரதாம்பாள் அம்மா வந்தார். பக்கத்துக் கிராமமான செட்டிக் கம்போங்கில் இருப்பவர். அந்த வீட்டில் பெயரும் சாமியும் தமிழ்; பேச்சு மலாய். கொடி ஒன்றை எடுத்து, கடை முன்னால் அஞ்சடி நடைபாதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“புலான் பெனோ-கா, தம்பி?” என்று கேட்டார். முழு நிலவா என்கிறார்.

எட்டிப் பார்த்தேன். முன்பக்கப் பிறை வலது பக்கமாக வாயைத் திறந்திருந்தது. பின்பக்கப் பிறையின் நிழல் அதற்கு எதிரே நின்று இடது பக்கமாக வாயைத் திறந்திருந்தது. இரண்டும் சேர்ந்து நல்ல வட்டமான பௌர்ணமி. துணியைத் திருப்பினால் பிறையின் முகமும் திரும்ப வேண்டும் என்பது படத்தில் போடப்பட்டிருக்கவில்லை. மற்றக் கொடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பௌர்ணமி.

“பார்த்துத்தான் தைச்சேன்,” என்றேன்.

உள்ளேயிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. “பார்த்துத் தைச்சா இப்படி வருமா?”

சாரதாம்பாள் அம்மாவுக்கு அது புரியவில்லை. மேசைக்கு அடியில் இருந்தவளுக்குப் புரிந்தது. அவள் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. “பிரிக்கிறதுக்கு நான் துணி பிடிச்சுக்கவாப்பா?” என்று கேட்டாள்.

பிரித்துக்கொண்டே யோசித்தேன். பிறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கண்ணாடி போட்ட கண், கவனத்தில் குறை இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அப்படியும் திரும்பிவிட்டது. கண் பார்ப்பதும் கை போடுவதும் வேறு வேறு பக்கமாக நிற்கலாம் என்கிற இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறுவதற்கு, ஒரு நாடே சுதந்திரம் வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாத்தியாரிடம் பௌர்ணமிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். கொஞ்ச நேரம் ஆயிற்று.

“வாத்தியாரே, சீதாவுக்கு எது வரலைங்கிறது எனக்கே தெரியும். எது வருது, அதைச் சொல்லுங்க.”

அவர் சீதாவைக் கூப்பிட்டு, புத்தகத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் தம் விரல்களை வைத்து மறைத்தார். சீதா அந்தச் சொல்லை முணுமுணுத்துக் கூட்டி, படித்துவிட்டாள். விரல்களை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினார். அதையும் படித்தாள். கையை எடுத்தார். சீதா விழித்தாள்.

“எழுத்தெல்லாம் தள்ளிக்கிட்டு வருது, சார்,” என்றாள்.

“இதான், அப்பாசாமி. விரல் வெச்சா வருது. அம்பது பிள்ளைங்க இருக்கிற வகுப்புல என் ரெண்டு கையையும் உங்க மகளுக்கே குடுத்திட முடியுமா?”

அவர் சொன்னது நியாயம். ஆனால் விரல் வேலையைத்தானே நான் விற்கிறேன். சட்டைக் கழுத்துக்குள் வைக்கும் விறைப்பான கஞ்சித் துணியில் ஒரு பொத்தான் ஓட்டை போட்டு வரியின் மேல் வைத்தால், ஓட்டையில் ஒரு சொல்தான் தெரியும். மற்றதை எல்லாம் துணி மறைத்துவிடும். வீடு வருவதற்குள் மனதுக்குள் தைத்து முடித்துவிட்டேன். நடு வழியில் என்னை நானே இரண்டு தடவை பாராட்டிக்கொண்டேன்.

முதல் துணிக்கு அழகாக இருக்கட்டுமே என்று ஓரம் முழுக்க முல்லைப் பூ வேலை செய்தேன். சீதா பூக்களை எண்ணினாள். இரண்டாவதில் பூ இல்லை. என் கைக்குப் பழகிய சட்டைப் பொத்தான் அளவில் ஓட்டை. அதில் ஓர் எழுத்துதான் தெரிந்தது, கொம்பு ஒரு பக்கம் வெட்டுப்பட்டு நின்றது. ஏற்கெனவே கொம்போடு தகராறில் இருப்பவளுக்கு நான் செய்த உதவி அது. மூன்றாவதுக்குப் புத்தகத்திலேயே நீளமான சொல்லைத் தேடி அளந்து வெட்டினேன். சின்னச் சொற்கள் வந்தபோது பக்கத்துச் சொற்களும் அண்டை வீட்டுக்காரர்களைப் போலக் கூடவே எட்டிப் பார்த்தன.

“எங்கிட்ட கேட்டீங்களாப்பா?” என்றாள் சீதா. புத்தகத்தின் மேல் இரண்டு பெருவிரல்களையும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். “இவ்ளோதான் வேணும். பெரிய சொல்லு வந்தா நான் இழுத்துக்குவேன்.”

ஊரில் உள்ள மார்பையும் இடுப்பையும் அளந்தவன், உடுத்துகிறவளை அளக்காமல் மூன்று தடவை தைத்திருக்கிறேன். வேறு தையல்காரன் செய்திருந்தால் ஒரு வருஷம் சொல்லிச் சிரித்திருப்பேன். அவள் பெருவிரல்களுக்கு நடுவே நாடாவை வைத்து அளந்தேன். நாலாவது துணி சரியாக உட்கார்ந்தது.

அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சீதா படிக்க உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்தினேன். நிறுத்தினால் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சொன்னேன். தப்பைப் பிரிக்காமல் விட என் கைக்கும் தெரியாது, வாய்க்கும் தெரியாது. சீதா நாலு சொல்லைத் தாண்டவில்லை. ஐந்தாவது நாள் துணியை மூடி வைத்துவிட்டு, வயிற்று வலி என்றாள்.

“என்னாங்க,” என்றாள் பாக்கியம், “நீங்க மெசின்ல போய் உக்காருங்க.”

“நான் இல்லாம யார் பார்க்கிறது? உனக்கு எழுத்து தெரியாதே.”

“அதான் நல்லது. எனக்குக் கதைதான் தெரியணும். தப்பு தெரியவேணாம்.”

அன்று முதல் பாக்கியம் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாள். சீதா துணியை நகர்த்தி நகர்த்திப் படித்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மெசினை மிதித்தேன். காதைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. தப்பு கேட்கும்போதெல்லாம் மெசின் நின்றுவிடும். நின்றால் பாக்கியம், “மிதிங்க,” என்பாள். அந்த மாதங்களில் நான் தைத்த சட்டைகளின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால், சீதா எங்கெங்கே தடுமாறினாள் என்று தெரியும்.

“நரி அப்புறம் எங்க போச்சு?” என்று பாக்கியம் கேட்பாள். கதை ஒட்டாமல் போனால் சீதாவே, “இரும்மா, அது நரி இல்ல,” என்று துணியைப் பின்னால் இழுத்துத் தானே சரி செய்வாள். நான் திருத்தியபோது வயிற்று வலி வந்தவள் அவள்தான்.

கொடிகள் பிறை திரும்பி, நட்சத்திரம் ஏறி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் வந்தது. வருஷக் கடைசியும் வந்தது.

சீதா படித்துக் காட்ட வேண்டிய அன்று பள்ளிக்கூடத்துக்குப் போக எனக்கு வேலை எதுவும் இல்லை. வாத்தியாருக்கு ஒரு சட்டை தைத்திருந்தேன். அதைக் கொடுப்பது போலப் போனேன். அவர் சட்டை கேட்கவில்லை என்பது வேறு விஷயம். பெரிய வாத்தியார் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று, அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

சீதா துணியைப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

“என்னா இது, கந்தல்?” என்றார் பெரிய வாத்தியார்.

“அது என் விரல், சார்,” என்றார் கருணாகரன் வாத்தியார். “ஒரு பிள்ளைக்கு ரெண்டு குடுத்தாச்சு, மத்த பிள்ளைங்களுக்கு எட்டு இருக்கு.”

சீதா படித்தாள். ஒரு சொல், ஒரு நகர்த்தல். ஒரு பக்கத்தை வேறு பிள்ளை படிக்கும் நேரத்தில் அவள் மூன்று வரி போயிருப்பாள். நடுவில் இரண்டு தப்பு. ஒன்றைத் திரும்பிப் போய்ச் சரி செய்தாள், மற்றதை விட்டுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே என் நாக்கு துடித்தது. கையிலிருந்த சட்டையின் கழுத்தை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தையும் அவளே திருப்பப் போனாள்.

“போதும், போதும்,” என்றார் பெரிய வாத்தியார். “ரொம்ப மெதுவா படிக்குது.”

“படிக்குது, சார்,” என்றார் வாத்தியார்.

“எழுத்துல இன்னும் தப்பு இருக்குமே.”

“இருக்கும். மூணாம் வகுப்பும் என்கிட்டதான் வருது. நான் பார்த்துக்கிறேன்.”

பெரிய வாத்தியார் பெயர்ப் பட்டியலை இழுத்து ஏதோ எழுதினார். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பி, “சட்டையக் குடுத்திட்டுப் போங்க, அப்பாசாமி. கழுத்து நனைஞ்சிருந்தாலும் பரவால்ல,” என்றார்.

புது வருஷம் பிறந்து மூன்றாம் வகுப்புப் புத்தகம் வந்தது. சீதா அதை வெட்டு மேசையில் விரித்து வைத்தாள். எழுத்து சின்னதாகி, வரி நீண்டிருந்தது. பழைய துணி ஓரம் நைந்து, அவள் விரல் பட்ட இடம் கறுத்துப் போயிருந்தது.

“இது எனக்குப் பத்தாதுப்பா. இனிமே ரெண்டு சொல்லு தெரியணும்.”

நாடாவை எடுத்தேன். அவள் இரண்டு பெருவிரல்களையும் முன்னைவிடத் தள்ளி வைத்தாள். அளந்தேன்; நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை அளந்தேன். வெட்டி, ஓட்டையின் ஓரத்தைக் கறுப்பு நூலால் நெருக்கமாகக் கட்டினேன். பூ எதுவும் வைக்கவில்லை. முடிச்சுப் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

வரியின் மேல் வைத்து ஒரு தடவை நகர்த்திப் பார்த்தாள். பிறகு திருப்பி நீட்டினாள். “நூல் தொங்குது.”

வாங்கி, பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மறுபடி கொடுத்தேன்.