மகத ராணியின் மூக்கு

மேலதிகாரியின் ஒப்பம் விழுந்த தவறு ஆதாரமாகிவிடும். அரசாங்க அலுவலகங்களில் ஆயுளைக் கழித்த எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் இதை நான் முதலில் பார்த்தது கல்கத்தாவில், பவானிபூரில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில், சித்தியைப் பெண் பார்க்க வந்த அன்று.

அப்பா ஒரு துரையிடம் டிராஃப்ட்ஸ்மேன். பீகார் பக்கத்து மேடுகளைத் தோண்டி எடுத்த சிலைகளைப் பற்றித் துரை புத்தகம் எழுதுவார். அப்பா படம் வரைவார். சிலையில் இருப்பதைக் கோடாக வரைய வேண்டும், உடைந்துபோனதை ஊகித்துப் புள்ளிகளாகக் காட்ட வேண்டும். இது விதி. ஒருமுறை முகமே இல்லாத பெண் சிலை ஒன்று வந்தது. கழுத்து அட்டிகையைப் பார்த்து, அவள் மகத ராணி என்று துரை தீர்மானித்தார். ராணிக்கு முகம் வேண்டுமே! அப்பா சித்தியை ஜன்னலோரம் உட்காரவைத்து அவள் முகத்தைப் புள்ளிகளால் வரைந்து கொடுத்தார். புள்ளிகள் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கின்றன என்று துரை அவற்றைக் கோடாக்கச் சொன்னார். புத்தகம் வந்தது. பத்திரிகைகள் படத்தை எடுத்துப் போட்டன. பள்ளிக்கூடப் புத்தகத்திலும் ராணி ஏறிவிட்டாள். வெளியே மூச்சு விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. முகம் இரவல் என்று தெரிந்தால் துரையின் பெயர் போகும். அதற்கு முன் அப்பாவின் வேலை போகும்.

சித்திக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் நம்மவர்களில் பிள்ளை கிடைப்பது அபூர்வம். இந்த இடமும் தவறினால் கும்பகோணத்தில் ஒருவருக்கு இரண்டாந்தாரம் என்று பேச்சு. அதனால் அன்று காலையிலிருந்தே வீட்டில் யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அம்மா சொஜ்ஜியைக் கிளறிவிட்டு வாசலுக்கு ஓடுவாள். அப்பா அங்கவஸ்திரத்தை எடுத்துப் போடுவார், மடிப்பார். நான் எல்லார் காலிலும் இடறிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையின் தகப்பனார் ஹவுராவிலிருந்து வந்தார். ரயில்வே உத்தியோகஸ்தர், பழங்காலம் என்றால் உயிர். நமஸ்காரம் பண்ணி எழுந்த சித்தியை நெடுநேரம் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து பத்திரிகையில் கத்தரித்த படம் ஒன்றை எடுத்து விரித்தார். மகத ராணி!

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, ஓய். குத்தம் சொல்லலை. ஆனா இதைப் பாரும். என்ன கம்பீரம்! அந்தக் காலத்து மூக்கே வேற. நம்ம பொண்களுக்கு அதெல்லாம் எங்கே?"

என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, அது சித்திதான்!"

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பலே! சித்தியை ராணியாக்கிட்டானே பய!" பிறகு அப்பாவிடம் திரும்பினார். "நீர்தானே அந்த ஆபீஸ்? நீரே சொல்லும்."

அம்மா கதவிடுக்கிலிருந்து அப்பாவையே பார்த்தாள். சித்தியும் பார்த்தாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குழந்தை ஏதோ உளர்றது. ராணிதான். துரையே எழுதியிருக்கார்."

காப்பி ஆவதற்குள் சம்பந்தம் கலைந்துவிட்டது. படத்தை மட்டும் அவர் பெருந்தன்மையோடு விட்டுச் சென்றார். மறுநாளே அம்மா கும்பகோணத்துக்கு எழுதினாள்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முன் ஒரு மத்தியானம், சித்தி கண்ணாடியின் பக்கத்தில் அந்தப் படத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மூக்கை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராணிக்கு மூக்கு என்னுதைவிட எடுப்பா இருக்கு, இல்லைடா?"

"அது நீதானே சித்தி. அப்பா வரையறச்சே நான் பக்கத்துலேயே இருந்தேனே."

"போடா அசடு. புஸ்தகத்துலேயே போட்டிருக்கு."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.